பணியாரக் கல்லில் உருகிய ஈயம்

என் மாமாவுக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. ஒரு துண்டு வாங்கவே நூறு ரிவ்யூ படிப்பார். அப்படிப்பட்டவர் துப்பாக்கிக் குண்டை வீட்டிலேயே வார்க்க ஈயம் உருக்கும் பாத்திரம் தேடப் புறப்பட்டால் கேட்க வேண்டுமா! அம்மாவின் ஒரே தம்பி; அமெரிக்காவில், காப்பெல் ஊரில் எங்களோடுதான் இருந்தார். ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகியதிலிருந்து இந்தப் பித்து. பத்து பவுண்டு கொள்வதா, இருபதா? கரண்டியால் மொள்வதா, அடியில் திறப்பு வைத்ததா? மூன்று வாரம் லேப்டாப்பும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கார்ட்டில் போடுவார், எடுப்பார். எட்டு வயது வால் நான், பின்னாலேயே நடப்பேன்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் எதைக் கண்டாலும் எரிச்சல். காபி வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

"ஈயம் விஷம்டா. அந்தக் கருமத்தை கேரேஜோட வச்சுக்கோ. என் கிச்சன் பக்கம் வந்துது, உன்னையும் சேத்து வெளிய தள்ளிடுவேன்," என்றாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அம்மா படுத்திருந்தாள். மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டயர் கடையில் வாங்கிய, சக்கரத்தில் எடைக்கு ஒட்டும் ஈயத் துண்டுகள் வாளி நிறையக் காத்திருந்தன. "பாட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு டெஸ்ட்," என்று அவர் எடுத்தது, மதுரையிலிருந்து அம்மா சூட்கேசில் சுமந்து வந்த இரும்புப் பணியாரக் கல்லை. கனமான அடி, நீளக் கைப்பிடி, ஏழு குழி. இதைவிட என்ன வேண்டும்? என்னை டிரைவ்வேயில் நிறுத்திவிட்டு, கேரேஜ் கதவைத் திறந்து வைத்து, கேம்பிங் அடுப்பில் உருக்கினார். ஆறிய பிறகு கவிழ்த்தால், அடேயப்பா, ஏழு வெள்ளிப் பணியாரங்கள்! எனக்கும் ஒன்று கிடைத்தது.

"அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் பண்ணினேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அம்மா அதிசயமாகச் சிரித்துக்கொண்டே வந்து, அதே கல்லை அடுப்பில் வைத்தாள்.

"பணியாரம் மட்டும்தான் இறங்கும் போலிருக்கு," என்று மாவை ஊற்றினாள்.

சொன்னால் மாமா என்னோடு டூ விட்டுவிடுவார். சொல்லாவிட்டால்? மாமாதான் கழுவிவிட்டாரே! ஆனால் விஷம் என்று சொன்னவள் அம்மாவாயிற்றே! நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. அம்மா முதல் பணியாரத்தைக் கையில் எடுத்து ஊதினாள்.

"டோன்ட் ஈட் இட்!"

கத்திவிட்டு, பாக்கெட்டில் இருந்ததை எடுத்து அவள் தட்டில் போட்டேன். அதே அளவு, அதே வளைவு. விளக்கம் தேவைப்படவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் மாமா மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"நல்லா தேச்சுக் கழுவிட்டேன்க்கா..."

"கழுவினா போயிடுமாடா, பாவி?"

மாமா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதார். ஒரு கல்லுக்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா என்னைச் சிங்க்குக்கு இழுத்துப் போய்க் கைகளைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். பிறகு தன் ஈரக் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்து, குனிந்து, "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல," என்றாள்.

என்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "ஐ நோ, அம்மா," என்றேன்.