அத்தை பார்த்த பிரெஞ்சுப் படம்

அத்தை வேலை செய்த வீட்டின் பிரெஞ்சுக்கார அம்மா இரண்டு சினிமா டிக்கெட்டுகளைக் கொடுத்தபோது எனக்குப் பதினொரு வயது. படம் பிரெஞ்சு, கீழே ஆங்கில எழுத்து ஓடும். அத்தைக்கு இரண்டுமே தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் படித்த குற்றத்துக்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சிங்கப்பூர் தேக்காவில் பஸ் ஏறி, பகல் காட்சிக்குப் போய் உட்கார்ந்தோம். எழுத்தை வாசித்து வாசித்து அத்தையின் காதில் தமிழில் ஓதினேன். படகுக்காரன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டியதில் ஒரு தாயின் மகள் ஆற்றில் மூழ்கிவிடுகிறாள். அந்தத் தாய் இருபது வருடம் பொறுத்திருந்து, பணக்காரனாகிவிட்ட அவன் வீட்டிலேயே சமையல்காரியாகச் சேர்கிறாள். எழுத்து ஓடிய வேகத்தில் பாதியை விட்டுவிட்டு, விட்டதை நானே இட்டுக்கட்டினேன். "என்னடி சொல்றா, சீக்கிரம் சொல்லு லா!" என்று அத்தை என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சூப்பில் விஷம் கலந்தாகிவிட்டது. அவன் கரண்டியை எடுத்தான். குடி, குடி என்று நான் நாற்காலி நுனியில் துடித்தேன். சட்டென்று அத்தை எழுந்து நின்று, "ஐயோ, குடிக்காதடா!" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. அவன் குடித்தான், செத்தான். நான் கைதட்டினேன்.

வெளியே வந்த அத்தை வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு மார்சிலிங் பஸ்ஸில் ஏறினார். மார்சிலிங்கில் யார் இருக்கிறார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் பட்டறையில் மாமா மேல் இரும்புத் தகடு விழுந்தபோது கிரேனை ஓட்டிய கூட்டாளி அவர். "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று மாமாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அத்தை அவரைப் பார்த்துக் கத்தி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவருடைய அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே காப்பிக்கடையில் அத்தை ஒரு பொட்டலம் வடை வாங்கினார். நான் கண்ணை எடுக்காமல்தான் பார்த்தேன். இருந்தாலும் அதில் எதையோ கலந்துவிட்டார் என்றே நம்பினேன்.

கதவைத் திறந்தவர் வெளிறிப்போனார். "அண்ணி..." என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

உட்கார்ந்ததும் அத்தை பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "சாப்பிடு."

அவர் அத்தையையே பார்த்துக்கொண்டு ஒரு வடையைக் கடித்தார். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. விஷம் வேலை செய்கிறது! அப்போது அத்தையும் ஒரு வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அத்தை, வேணாம்!" என்று அலறி, அவர் கையைத் தட்டிவிட்டேன். வடை உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. இருவரும் திகைத்துப் பார்த்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை கேட்டார், "அவன் செத்ததும் அந்தப் பொம்பள ஏதோ சொன்னாளே, என்னது?"

கைதட்டிய மும்முரத்தில் நான் அதை வாசிக்கவில்லை. "சந்தோஷமா இருக்குன்னு சொன்னா" என்றேன்.

"இருக்காது" என்று அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாதவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.