ஓராண்டு இலவசம்

சாய்கலுக்கு நாற்பத்திரண்டு வயதானபோதுதான் மறுபடியும் கணினி முன்னால் உட்கார வாய்த்தது. நிலவியல் நிறுவனத்தில் பத்தாண்டு நிரல் எழுதியவள். நிறுவனம் மூடியதும் தொர்தோய் சந்தையில் கடையாக்கிய ஓர் இரும்புச் சரக்குப் பெட்டிக்குள் நின்று எட்டாண்டு காலுறை விற்றாள். நிலவியல் நிறுவனத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்த மெதெத், தலைநகர் பிஷ்கெக்கில் செருப்புக் கடை மாடியில் ஐந்து பழைய கணினிகளோடு நிறுவனம் தொடங்கி, "வந்துடுங்கக்கா" என்று கூப்பிட்டான். மறுநாளே போய்விட்டாள்.

முதல் பெரிய வேலை, வெளியூர்ப் பேருந்துகளுக்கு இருக்கை பதிவு செய்யும் இணையதளம். ஜாவாவில் எழுத வேண்டும். அதை எந்த மென்பொருளில் வைத்து எழுதுவது என்பதுதான் கேள்வி. சந்தையில் திருட்டு மென்பொருள் வட்டு, ஒரு தட்டு மாந்திக் கொழுக்கட்டை விலைக்குக் கிடைக்கும். ஆனால் வேலையைக் கொடுத்த பேருந்துச் சங்கம் திருட்டு மென்பொருள் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. சாய்கல் மூன்று வாரம் நான்கு மென்பொருள்களைச் சோதித்தாள். ஒன்றைத் திறந்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை அப்படியே நின்றது. கடைசியில் இலவசமான ஒன்றைத் தேர்ந்தாள். பார்க்க அழகில்லை. பக்கங்களைக் கையால்தான் எழுத வேண்டும். ஆனால் எழுதியதை நாளைக்கு வேறு எதில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அந்த வாரம்தான் அல்மாட்டியிலிருந்து தானியார் என்ற விற்பனைக்காரன் வந்தான். அவனுடைய மென்பொருளில் சுட்டியால் இழுத்துவிட்டால் பொத்தானும் பட்டியலும் தானாக வந்து உட்கார்ந்தன. ஓராண்டு இலவசம் என்றான். இளைஞர்கள் மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அக்கா கையால லக்மான் நூடுல்ஸ் இழுக்கிறவங்கப்பா. மெஷின் வந்தா பிடிக்குமா?" என்று மெதெத் சிரித்தான்.

"மெஷினுக்கு அடுத்த வருஷம் என்ன வெலைன்னு கேளு" என்றாள் சாய்கல்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க" என்றான் தானியார்.

"இப்பவே எழுதிக் குடுங்க. அதுல செஞ்ச பக்கம் வேற எதுலயும் திறக்காது, தெரியுமில்ல?"

தானியார் மெதெத்தைப் பார்த்தான். மெதெத் பேச்சை மாற்றினான்.

அன்று மாலை சாய்கல் தன் மறுப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மெதெத் படிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டான். மறுநாள், பொறுப்பாளர் பெயர் வேண்டும் என்று தானியாரின் மென்பொருளுக்கான விண்ணப்பத்தை நீட்டினான். அப்போதே எழுந்து போயிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்தாள். ஆனால் அந்த இரும்புப் பெட்டியின் ஜனவரிக் குளிர் கால் விரல்களில் இன்னும் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

தளம் அழகாக வந்தது. செய்தித்தாளில் மெதெத்தின் படம் வந்தது.

ஓராண்டு முடிந்ததும் தானியார் விலை அனுப்பினான். ஐந்து கணினிக்கும் சேர்த்து, ஐந்து பேருடைய ஐந்து மாதச் சம்பளம். மெதெத் தள்ளிப்போட்டான். மென்பொருள் பூட்டிக்கொண்டது. தளம் ஓடியது, ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. மலைப்பாதை மூடி நரின் ஊருக்குப் போகும் பேருந்துகளின் நேரம் மாறியபோது, தளம் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் பனியில் வந்து நின்று, சீட்டு கொடுக்கும் சாளரத்திலிருந்த பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

சங்கத் தலைவர் கூட்டம் கூட்டினார். "இந்தச் சனியனை யாருய்யா தேர்ந்தெடுத்தது?"

மெதெத் விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். "எங்க சாய்கல் அக்கா. கையெழுத்து இருக்கு பாருங்க."

"நான் வேணாம்னு எழுதிக் குடுத்தேனே மெதெத்!"

"எந்தத் தாளுக்கா?" என்றான் அவன், நிஜமாகவே தெரியாதவன்போல.

இளைஞர்கள் மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

அவள் அன்றே விலகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போய், திட்டு வாங்கும் பெண்களை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நான்கு மாதம், மின்சாரம் இருந்த நேரமெல்லாம், எழுபத்து மூன்று பக்கங்களையும் அந்த இலவச மென்பொருளில் கையால் திரும்ப எழுதினாள். கடைசிப் பக்கம் ஓடிய அன்று அலுவலகச் சாவியை மெதெத்தின் மேசைமேல் வைத்தாள்.

"கோவமாக்கா? தொழில்னா நாலும் இருக்கும்."

"உனக்கு ஒண்ணுதான் இருக்கு மெதெத். நாக்கு."

தளத்தைச் சரிசெய்த பெருமையும் அவனுக்கே போனது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "பேருந்து நிலைய விவகாரம், அது நீங்கதானே?" என்றார்கள். ஊர் சின்னது, தொழில் அதைவிடச் சின்னது. கடைசியில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

இரண்டாண்டு கழித்து மெதெத் அவள் வீட்டுக்கு வந்தான், இனிப்புப் பெட்டியோடு. புதிய வேலையாம், ரயில்வேக்கு. "எதுல எழுதறதுன்னு நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். பழசை மறந்துடுங்கக்கா."

அவள் தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் விருந்தாளியை இருத்திக்கொள்ள நினைத்தால் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள்; நிறைத்து ஊற்றினால் கிளம்பலாம் என்று பொருள். அவள் விளிம்புவரை ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, குடிக்காமலே எழுந்து தொப்பியை எடுத்தான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.