பெரிய மணிக்கு முன் ஒரு சின்ன மணி

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நாங்கள் முப்பது ஆசிரியர்கள் ஒரு தீர்மானத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனோம்.

வெளிநடப்பு இல்லை. கோபதாபம் இல்லை. மணி அடித்தது, எழுந்தோம். அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தின் செயலாளர், ராயப்பன்பட்டி ஜோசப் சார், “ஆகவே இந்தச் செயற்குழு...” என்று வாசித்துக்கொண்டிருந்தார். இந்தச் செயற்குழு என்ன செய்கிறது என்று சொல்வதற்குள் அவரே ஃபைலை மூடிவிட்டார். தலைவர் சின்னச்சாமி சார் சாக்பீஸே தொடாத கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி வராண்டாவுக்கு வந்துவிட்டார். நானும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடித்தது பள்ளிக்கூட மணி. அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாதே!

விஷயம் இதுதான். எங்கள் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைக் கூட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளியில் நடக்கும். பள்ளியில் ஆட்டோமேட்டிக் மணி ஒன்று மாட்டியிருக்கிறோம். பீரியடு முடிந்தால் சின்ன மணி. பள்ளி முடிந்தால் பெரிய மணி... காது வலிக்கும் வரை நீளமாக அடிக்கும். சனிக்கிழமைகளில் மற்ற மணிகள் எல்லாம் சும்மா இருக்க, அந்தப் பெரிய மணி மட்டும் தவறாமல் அடிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. மாட்டிக் கொடுத்தவரைக் கேட்கலாம் என்றால் அவர் போனை எடுப்பதில்லை.

அதை அடிக்காமல் நிறுத்தலாமே என்கிறீர்களா? நிறுத்தலாம். ஆனால் அந்த மணி அடிக்காவிட்டால் எங்கள் கூட்டம் முடியாது.

அது இருக்கட்டும். குலுக்கல் சீட்டில்கூடச் சேராத எனக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? சாவி! பள்ளியின் சாவி என்னிடம் இருக்கிறது. முதல் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட வந்தேன். பூட்ட வேண்டுமே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கிறாரே என்று உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் காற்று. மலையிலிருந்து இறங்கி ஆளையே தள்ளும் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ள, அதைச் சாத்தலாம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜன்னல் சாத்தியதற்கா கைதட்டு?

“மகளிர் நலக் குழுவுக்கு நீங்கதான் அமைப்பாளர் டீச்சர். ஏகமனதாப் போட்டாச்சு” என்றார் ஜோசப் சார்.

எங்கள் சங்கத்தில் பதவிகள் இப்படித்தான் நிரம்புகின்றன. போட்டி கிடையாது, பொறாமை கிடையாது. யார் அறையில் இல்லையோ அவருக்குப் பதவி. போன வருஷம் பொருளாளர் ஆனவர், போன் பேச வெளியே போனவர்தான். அதனால்தான் எங்கள் கூட்டங்களில் யாரும் டீ குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார்கள். டீ உள்ளே வரும்.

குழு கிடைத்துவிட்டது. வேலை? கூட்டத்தின் அஜெண்டாவில் ‘மகளிர் நலன்’ என்று ஒரு வரி இருக்கும். கடைசி வரி. அதற்குக் கீழே நன்றியுரை மட்டும்தான்.

கடைசி வரிக்குக் கூட்டம் வந்து சேராததற்குச் சின்னச்சாமி சாரும் ஒரு காரணம். நல்ல மனிதர். யாருக்காவது பென்ஷன் ஃபைல் சிக்கிக்கொண்டால் அந்த அலுவலக வாசலிலேயே நாள் முழுக்க நிற்பார். ஆனால் வரலாற்று ஆசிரியர். “சுருக்கமா சொல்றதா இருந்தா...” என்று ஆரம்பித்தால் ஒரு பீரியடுக்குக் குறையாது. ஒரு டீச்சருக்கு இடமாறுதல் என்றால்கூட வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் எல்லோருக்குமே பேச்சின் அளவு ஒரு பீரியடுதான். அதைக் குறைத்துப் பேசத் தெரிந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்போம்.

ஆக, ஒவ்வொரு மாதமும் பெரிய மணி முதலில் வரும். மகளிர் நலன் அடுத்த மாதத்துக்குப் போகும். எனக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை... ரஹ்மத் டீச்சரின் தண்ணீர் பாட்டிலைக் கவனிக்கும் வரை.

ரஹ்மத் டீச்சர் உத்தமபாளையத்துக்காரர். கோம்பை தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை. சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரே பஸ். நான் நடுவழியில் ஏறுவேன். எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருப்பார். நான் பாட்டில் தூக்குகிற ஆள் இல்லை. உட்கார்ந்ததும் கையை நீட்டுவேன். அவர் தன்னுடைய ஸ்டீல் பாட்டிலைக் கொடுப்பார். மடக் மடக்கென்று குடிப்பேன். கழுத்து வரை தண்ணீர் இருக்கும்.

ஒரு நாள் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டேன். நாள் முழுக்க வகுப்பு எடுத்துவிட்டு வருகிறீர்கள், பாட்டில் எப்படி நிறைந்தே இருக்கிறது?

அவர் பாட்டிலை வாங்கி மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். போன ஆடிக் காற்றில் அவர்கள் பள்ளியின் ஆசிரியர் கழிப்பறைக் கூரை பறந்துவிட்டது. கூடவே கதவும். தகரம் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடைத்தது. கதவு இன்று வரை கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கட்டியதில் பெரியவர்கள் நின்றால் தலையும் தோளும் வெளியே தெரியும். தலைமை ஆசிரியர் எழுதிப் போட்டார். எஸ்டிமேட் வரவேண்டும் என்று பதில் வந்தது. எஸ்டிமேட் வரவில்லை.

“எதுத்த வீட்டுல போய்க்கிட்டு இருந்தோம் டீச்சர். அவுக ஏலத் தோட்டத்து வேலைக்கு மலை மேல போயிட்டாக. வீடு பூட்டிக் கெடக்கு. அங்கன இன்னொரு வீடு இருக்கு... அதுல நாய் இருக்கு.”

கோம்பை வேட்டை நாய்க்குப் பேர்போன ஊர்; அங்கே நாய் என்றால் நாய்தான். அந்த வீட்டம்மா தங்கமானவர். எப்போது வேண்டுமானாலும் வாங்க டீச்சர், அது ஒன்றும் செய்யாது, சும்மா பார்க்கும் என்று சொல்லியிருக்கிறார். அது பார்த்த பார்வையில் அந்தப் பள்ளியின் மூன்று டீச்சர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் வீட்டில் ஒரு வாய் டீ. அதற்கப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். பாட்டில், பிள்ளைகள் கேட்டால் கொடுப்பதற்காம். பஸ்ஸில் நான் கேட்டால் கொடுப்பதற்கும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. காற்றின் மேலா, எஸ்டிமேட்டின் மேலா, கடைசி வரியின் மேலா... அந்தக் கடைசி வரிக்கு அமைப்பாளர் யார்? நான்!

அடுத்த இரண்டு கூட்டங்களிலும் முட்டி மோதிப் பார்த்தேன். வரிசையை மாற்றுங்கள் என்றேன். வரிசையை மாற்ற ஒரு தனித் தீர்மானம் வேண்டும், அதை அஜெண்டாவில் கடைசியில் சேர்க்கலாம் என்றார் ஜோசப் சார். இரண்டாவது கூட்டத்தில் ஒருவழியாக என் தீர்மானத்தை வாசிக்கவே ஆரம்பித்தார். ‘ஆகவே இந்தச் செயற்குழு’ வரை வந்தது. அப்போதுதான் பெரிய மணி. மேலே சொன்னேனே, அந்தச் சனிக்கிழமை.

வழி கிடைத்தது திங்கட்கிழமை, ஏழாம் வகுப்பில். ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். “ஆகையால் ஒரு தாவரம்...” சின்ன மணி அடித்தது. தாவரத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினேன். வாசலில் அடுத்த பீரியடு டீச்சர். நான் விலக, அவர் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, வேறு நோட்டை எடுத்தார்கள்.

பெரிய மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போவோம். சின்ன மணிக்கு? பேசுகிறவர் மட்டும்தான் போவார்!

ரஹ்மத் டீச்சரிடம் திட்டத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஆம்பளையாளுக முன்னால அத எப்படி டீச்சர் பேசுறது?”

“ஆம்பளையாளுகன்னு பாக்காதீங்க. எட்டாம் வகுப்பு, பி பிரிவுன்னு நெனச்சுக்கங்க. முன் பெஞ்சு தூங்கும், பின் பெஞ்சு பேசும். வித்தியாசம் ஒன்னும் இருக்காது.”

அடுத்த கூட்டம் வந்தது. இன்னொரு பதவி கிடைக்கும் அபாயத்தையும் பொருட்படுத்தாமல் பாதியில் எழுந்து வெளியே போனேன். எனக்காக இல்லை, சங்கத்துக்காக. அலுவலக அறையில், மணி மெஷினுக்குப் பக்கவாட்டில் கையால் அழுத்துகிற சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் கூட்டம் நடக்கும் வகுப்பறை தெரியும். ரஹ்மத் டீச்சர் வாசலில் வந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். சின்னச்சாமி சார் அப்போதுதான் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தி, எடுத்தேன். சின்ன மணி.

சார் நின்றுவிட்டார். வார்த்தையின் நடுவில். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வாசலைப் பார்த்தார். “வாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, மேஜையை விட்டு விலகி, இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முப்பது பேரும் பாதி எழுந்து உட்கார்ந்தார்கள். பலர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்கள்.

ரஹ்மத் டீச்சர் உள்ளே போனார். சாக்பீஸை எடுத்தார். போர்டில் ‘கழிப்பறை’ என்று எழுதி, கீழே கோடு போட்டார். சாக்பீஸ் கைக்கு வந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார்.

“ஜோசப் சார், காலையில எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்புவீக?”

ஜோசப் சார் எழுந்து நின்றார். “ஏழரை, டீச்சர்.”

“திரும்ப வீடு வந்து சேர?”

“அஞ்சரை ஆயிரும்.”

“அதுக்கு நடுவுல ஒரு தடவகூடப் போகக் கூடாதுன்னு சொன்னா என்ன செய்வீக?”

அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ரஹ்மத் டீச்சர் அந்தத் திசையில் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

நான் வராண்டாவில் நின்று கேட்டேன். கூரையைச் சொன்னார், கதவைச் சொன்னார், பூட்டிய வீட்டைச் சொன்னார். நாயைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அப்புறம் எனக்கே சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“கிட்னில கல்லு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாக. தண்ணி குடிக்கலன்னா இன்னும் பெருசாகும்னு திட்டுறாக. குடிச்சா எங்கன போறது?”

நான் மாதக்கணக்கில் மடக் மடக்கென்று குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சின்னச்சாமி சார். தலைவர்தான், ஆனால் அனுமதி கேட்கிறார்.

“டீச்சர், ஒன்னு சொல்லலாமா?”

“சுருக்கமா சொல்லுங்க சார்.”

“ஜோசப்பு, தீர்மானத்த எழுதுங்க. இதுல பேச ஒன்னும் இல்ல. மொத ஐட்டமாப் போடுங்க.”

அவருடைய பொதுவாழ்க்கையில் அவ்வளவு சின்ன உரையை யாரும் கேட்டதில்லை.

மனு எழுதினோம். கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அங்கேதான் சின்னச்சாமி சாரின் அருமை எனக்குப் புரிந்தது. அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து, “சுருக்கமா சொல்றதா இருந்தா...” என்று ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கழிப்பறைகளிலிருந்து. அந்த அலுவலகத்தில் மணி கிடையாது, பாவம். அவர் சுதந்திரத்தை நெருங்குவதற்குள் அதிகாரி ஊராட்சிக்குப் போன் போட்டுவிட்டார். எஸ்டிமேட் வந்தது. அப்புறம் கூரை வந்தது. கதவும் வந்தது, உள்ளே தாழ்ப்பாளோடு.

மணி விவகாரம்? சார் அன்றைக்கே கேட்டார், மணி ஏன் இரண்டு தடவை அடித்தது என்று. மெஷின் கோளாறு சார் என்றேன். அதைச் சரிசெய்ய உடனே ஒரு குழு போட்டார்கள். அமைப்பாளர் யார் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேலையை நிதானமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பஸ் ஏறினேன். நல்ல வெயில். நாக்கு வறண்டு கிடந்தது. வழக்கம்போல உட்கார்ந்ததும் கையை நீட்டினேன். ரஹ்மத் டீச்சர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

“இனி நீங்க சொந்தமா ஒரு பாட்டில் வாங்கிக்கங்க டீச்சர்.”

உத்தமபாளையம் வரைக்கும் எனக்குத் தாகம். அவ்வளவு சந்தோஷமாக நான் தாகத்தோடு போனதே இல்லை.