எம்.டி.யின் ஈட்டிமரக் கைப்பிடி

ஈட்டி மரத்தில் கடைந்த கைப்பிடி அது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். இரு முனையிலும் பித்தளைப் பூண், பூணின் மேல் தாமரை இதழ். எங்கள் எம்.டி. அதை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நான் வரைபடம் போடும் மேசைமேல் வைத்துப் பிரித்ததை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு பதமாகத் தூக்கியிருக்க மாட்டார். "தொட்டுப் பாரும்மா. நம்ம கோயில் வேலைப்பாடு. எந்த ஏரோப்ளேன்லயும் இது கிடையாது" என்றார். எந்த விமானத்திலும் ஏன் அது இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிப்பது அவருக்குக் கீழே இருப்பவர்களின் வேலை; அதைக் கேட்காமலிருப்பது அவருடைய வேலை.

வேங்கிக்கால் பக்கம் அவருடைய அப்பா கட்டிய பட்டறை. பஸ்களுக்கு சீட்டும் கம்பியும் செய்து நல்ல பெயர் எடுத்திருந்தது. மகன் சில மாதம் வெளிநாட்டில் ஏதோ படித்துவிட்டு வந்து பட்டறையை 'ஸ்டூடியோ' என்று அழைக்கச் சொன்னார். நாங்கள் பட்டறை என்றே சொன்னோம். அப்போதுதான் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, தன்னுடைய பழைய நான்கு இருக்கை விமானத்தின் உட்புறத்தைப் புதுப்பித்துத் தரச் சொன்னது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள், இறக்கை கழற்றிய விமானம் லாரியில் ஏறி ஊருக்குள் வந்தது. எம்.டி. லாரிக்கு முன்னால் காரில் கையசைத்துக்கொண்டு வந்தார். எதற்கு, யாருக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிறிய விமானத்தில் கைப்பிடி அலங்காரப் பொருள் அல்ல. கதவு உயரத்தில் இருக்கும். ஒரு சின்னப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, உடம்பின் முழு எடையையும் இழுத்துத்தான் உள்ளே ஏற வேண்டும். மேலே காற்று தூக்கிப் போட்டாலும் கை முதலில் அதைத்தான் தேடும். அதனால் அதை விமானத்தின் உலோகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். பழைய கைப்பிடிக்கென்று சட்டத்தில் இரண்டு துளைகள் இருந்தன. எம்.டி.யின் கைப்பிடி அந்த இடைவெளியைவிட நீளம். சட்டத்தில் நம் இஷ்டத்துக்குப் புதுத் துளை போடவும் கூடாது.

"சார், நீளத்தைக் கம்மி பண்ணிடலாம்" என்றேன்.

"சின்னதா இருந்தா போட்டோல எடுபடாதும்மா."

சட்டத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகையிலேயே சின்ன ஸ்குரூவால் பூட்டிவிடச் சொன்னார். இழுத்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏரோப்ளேன்ல போறவங்க உன்னை மாதிரி டவுன் பஸ்ல தொங்கிட்டு வர்றவங்க இல்லம்மா. லேசா கை வைப்பாங்க, அவ்ளோதான்." அடி அண்ணாமலையிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தேன். அதை அவர் கவனித்திருந்தார் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

பூட்டும் வேலை பாயிடம் வந்தது. சீட் தைக்கும் பகுதிக்கு அவர்தான் தலைமை. எடுத்தெறிந்து பேசுகிறவர், டீயில் இஞ்சி குறைந்தால் கிளாஸைத் திருப்பி அனுப்புகிறவர். கைப்பிடியைக் கையில் எடுத்ததுமே, "இது ஏரோப்ளேன் கைப்பிடியா, பீரோ கைப்பிடியா?" என்று எம்.டி. காதில் விழும்படியே கேட்டார். எம்.டி. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் பார்வையிட, பயிற்சிப் பள்ளியின் தலைமை விமானி வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அதிகம் பேசாதவர். எம்.டி. புதிய சட்டையில், கூடவே போட்டோ எடுப்பவரோடு நின்றார். விமானி படியில் கால் வைத்துக் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அதைப் பிடிச்சு ஏறாதீங்க. பிளாஸ்டிக்லதான் பூட்டியிருக்குது" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். எம்.டி.யின் முகம் சிவந்தது. பிறகு உடனே சிரிப்பு வந்தது. விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு. "சும்மா பயப்படுது மேடம். யாராச்சும் தொங்கியே காட்டட்டுமே" என்று சுற்றிப் பார்த்தார். தான் தொங்கலாம் என்ற எண்ணம் அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை. பார்வை என்மேல் வந்து நின்றது. "ஏம்மா, நீதானே சொன்ன. நீயே ஏறு."

நான் வாய் திறப்பதற்குள் பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "வேணாம் பாய்" என்றேன். "தள்ளும்மா" என்றார். படியில் ஏறி, இரண்டு கையாலும் பற்றி, உடம்பைத் தொங்கவிட்டார். ஒரு மூச்சு நேரம் தாங்கியது. பிறகு பலகை கிழிகிற சத்தம். பாய் வலது தோள் தரையில் மோத விழுந்தார்.

விமானியும் நானும் அவரிடம் ஓடினோம். எம்.டி.யும் ஓடிவந்தார், குனிந்தார். குனிந்து, பாயின் கைக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பிடியை எடுத்தார். கர்சீப்பால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, பாலிஷ் போகல" என்றார். கூச்சமில்லாமல், நிம்மதியாக, எல்லோர் முன்னிலும் சொன்னார்.

விமானி தன் துப்பட்டாவால் பாயின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். எழுந்து நின்று எம்.டி.யிடம், "லாரியை வரச் சொல்லியிருக்கேன். என் விமானத்தை இனி நீங்க தொடாதீங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப் போட்டு பாயைப் படுக்கவைத்திருந்தார்கள். "உங்களை யாரு ஏறச் சொன்னது?" என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டேன். "நான் ஏறலேன்னா உன்னைத்தானே ஏத்தியிருப்பான் அந்த ஆளு? போய் நல்லதா ஒரு டீ வாங்கினு வா" என்றார். எம்.டி. வரவில்லை. டிரைவர் கையில் ஆப்பிள் கூடை வந்தது, மேலே அவருடைய விசிட்டிங் கார்டு. இரண்டு பெண்கள் சேர்ந்து தன் கலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது பிறகு தெரிந்தது. நான் அந்த வாரமே வேலையை விட்டேன்.

அந்த விமானத்துக்குக் கைப்பிடி செய்யச் சொல்லி விமானி என்னைத்தான் கூப்பிட்டார். இப்போது கீழ்பென்னாத்தூர் சாலையில் எனக்கும் பாய்க்குமாக ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. தடித்த நாடாவை மடித்துத் தைத்து, மேலே தோல் உறை போட்ட கைப்பிடிகள். பார்க்க ஒன்றுமேயில்லை. சட்டத்தில் இருக்கும் பழைய துளைகளிலேயே உட்காரும். பாயின் வலது கை தோளுக்கு மேல் எழாது. மேசை உயரத்தில் என்ன வேலையானாலும் தைத்துவிடுவார். சட்டையை மாட்டத்தான் இன்னொருவர் வேண்டும்.

போன மாதம் எம்.டி. போன் செய்தார். அவர் இப்போது கல்லூரிகளில் போய் இளைஞர்களுக்குத் தொழில் பற்றிப் பேசுகிறாராம். "நீயும் மேடைக்கு வாம்மா. நம்மகிட்ட கத்துக்கிட்ட பொண்ணு இன்னைக்கு விமானத்துக்கே சப்ளை பண்ணுதுன்னு சொன்னா பசங்களுக்கு ஒரு இது வரும்."

"வரேன் சார். பாயையும் கூட்டினு வரட்டுமா?" என்றேன்.

"எந்த பாய்மா?"

நடிக்கிறாரோ என்று குரலைக் கூர்ந்து கேட்டேன். இல்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. எதிரே பாய் இடது கையால் நூலை இழுத்துப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டே, யார் என்று கண்ணால் கேட்டார்.

"ராங் நம்பர் பாய்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.