சிலந்தி தெரியாத படங்கள்

பெரியப்பா இறந்த மூன்றாம் மாதம், அவருடைய மகள் கும்பகோணத்திலிருந்து வடக்கே எங்கள் மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. ஒரே பிள்ளையாக அதுவரை நான் நடத்திய ஆட்சி அன்றோடு முடிந்தது.

அக்கா யாரிடமும் பேசமாட்டாள். வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலைச் செடியருகே போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே மிளகளவு சிலந்திகள் இலைக்கு இலை தாவிக்கொண்டிருக்கும். அவள் அவற்றையே பார்ப்பதைக் கவனித்த அப்பா, தன் பழைய மொபைலைக் கொடுத்து, அதில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி லென்ஸும் வாங்கிவந்தார். எனக்குக் கிரிக்கெட் மட்டை வாங்க ஆறு மாதம் யோசித்தவர்!

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா இலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். அக்கா குனிந்து படமெடுப்பாள். ஒரு சிலந்திக்கு ஒரு மணி நேரம். அது அப்பா எனக்குப் பந்து போடும் நேரம்.

"அப்பா, ஜல்தி வாங்க!"

"உஷ்... கத்தாதடா, ஓடிடும்."

ஒரு பூச்சிக்காக என்னை அதட்டுகிறார்!

ஒருநாள் அக்கா குளிக்கப் போனபோது, எல்லாப் படங்களையும் அழித்துவிடும் எண்ணத்தோடு மொபைலை எடுத்தேன். பார்க்கப் பார்க்கக் குஷி தாங்கவில்லை. ஒன்றில்கூடச் சிலந்தி சரியாக விழவில்லை. ஓரத்தில் கலங்கலாய் ஒரு புள்ளி, அவ்வளவுதான். தெளிவாக இருந்ததெல்லாம் அப்பாவின் விரல்கள். நகம், ரேகை, முட்டியில் நாலைந்து முடி.

அழிக்கவில்லை. சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் நீட்டினேன்.

"பாருங்கப்பா, அக்காவுக்குப் படமே எடுக்கத் தெரியல. வெறும் விரல்தான் இருக்கு!"

அக்கா தட்டை விட்டு நிமிரவில்லை. அப்பா மொபைலை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து, இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கித் தின்றேன்.

அடுத்த ஞாயிறு அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய் இலையைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"அவசரமில்ல கண்ணு. மெதுவா எடு."

படமெடுக்கவே தெரியாதவளுக்கு இவ்வளவு சலுகையா என்று கதவருகே நின்று பொருமினேன்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முக ஜாடை கிடையாது. கைகள் மட்டும் அச்சு அசல் ஒன்று. அது என் கண்ணில் பட, நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.