மேலே வைத்த பெட்டி

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் எந்தக் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் கிடையாது. சென்னையில் இருந்த ஒன்றை இரண்டு கல்லூரிக்காரர்கள் வாரம் ஒரு மணி நேரம் பங்குபோட்டுக்கொண்டோம். கம்ப்யூட்டர் படிப்பதற்காகக் கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைப் பழைய பட்டுப்புடவைப் பெட்டியில் அடுக்கி, புதன்கிழமை காலை பஸ் நிலையத்தில், சென்னைக்கு எடுத்துப்போகும் அட்டெண்டர் ஏழுமலையிடம் கொடுப்போம். முதலில் வந்தவர் பெட்டிதான் மேலே இருக்க வேண்டும் என்பது வழக்கம். மேலே இருப்பதைத்தான் அங்கே முதலில் ஓட்டுவார்கள்.

அன்று வாலாஜாபாத்திலிருந்து வரும், மற்ற கல்லூரி விரிவுரையாளர் அம்மா எனக்கு முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏழுமலை டீ வாங்கத் திரும்பியபோது என் பெட்டியை அவருடையதற்கு மேலே வைத்தேன். ஆய்வேடு கொடுக்க நாள் நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கணக்கில் ஒரு பிழை. அது ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி அந்த ஒரு மணி நேரத்தையும் தின்றுவிட்டது. அவருடைய பெட்டி பிரிக்காமலே திரும்பியது.

"நான்தான் முந்தி வந்தேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீங்க அதுக்கும் முந்தி வந்துட்டீங்க போலருக்குது சார். உங்களுதாவது முடிஞ்சுதா?" என்று பெட்டியை வாங்க வந்தபோது அந்த அம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம். தப்பு வந்துடுச்சு."

"அப்போ அடுத்த வாரம் முழுசா நீங்களே எடுத்துக்குங்க. என்னுது பொறுக்கும்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். யார் பெட்டி முதலில் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரத்து ஒரு மணி நேரத்தையும் வாங்கிக்கொண்டேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரைப் போட்டேன். எதற்காக என்று மட்டும் எழுதவில்லை.