நீலம் ஏறாத செல்கள்

அம்மாவின் வயிறு இடப்பக்கமாகக் கனத்துக்கொண்டே வந்தது. செஞ்சியில் விதைக்கடலை உடைத்துச் சொத்தை பொறுக்கும் களத்தில் கூட உட்கார்ந்திருந்த பெண்கள் சும்மா விடவில்லை.

“இன்னாக்கா, இந்த வயசுல தம்பிக்கு ஒரு தங்கச்சி வருதா?”

“ஆமாண்டி, நீயே பேரு வெய்.”

வளர்ந்தது மண்ணீரல். எலும்பு மஜ்ஜை மெல்ல மெல்ல நாராக இறுகிப்போகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அது தெரிந்த பிறகுதான், அதையே ஆராய்கிற சென்னை ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அம்மா களம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், “எம் புள்ள என் ரத்தத்த பாத்து மருந்து கண்டுபுடிக்கப் போறான்” என்று.

இது வைத்தியம் இல்லை, ஆராய்ச்சிதான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். தலையாட்டுவாள். மறுநாள் அதையே சொல்லுவாள்.

ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்த அன்று, என்ன செய்வோம் என்று கேட்டாள். எல்லா செல்லையும் ஒன்றாக அரைத்துப் பார்த்தால் எது கெட்டது என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே எந்த மரபணு என்ன செய்கிறது என்று படிப்போம் என்றேன்.

“பாத்துட்டு திரும்ப என் உள்ளயே உட்டுடுவீங்களா?”

“இல்லம்மா. உடைச்சாத்தான் படிக்க முடியும்.”

“அப்போ பொளந்த பருப்பு. மொளைக்காது.” சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். “சொத்தைய நல்லா பாத்து பொறுக்கு, கண்ணு.”

அந்த ரத்தத்தில் பாதியைப் படித்தோம். மீதியைக் குழாயில் அடைத்து உறைய வைத்தோம். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒட்டியவன் நான் என்பதால் அந்த எண் எனக்குத் தெரியும்.

படித்ததில் அம்மாவுக்கு ஆகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து அவலூர்பேட்டை உறவுக்காரர்கள் பஸ் ஏறியிருந்தார்கள். வெயில் இறங்கியும் மலைப்பாறையின் சூடு தெருவில் அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்கா போன் செய்தார்.

“தம்பி, அந்தக் கடைசி டியூப். இப்ப படிச்சாத்தான் இந்தத் தடவை மத்த சாம்பிளோட சேத்துப் பாக்க முடியும். உனக்குக் கஷ்டமா இருந்தா நான் பண்றேன். வேணாம்னா விட்டுடலாம்.”

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “இன்னாடா?”

“அம்மாவோட ரத்தம் கொஞ்சம் அங்க இருக்குது, நைனா. உறைய வெச்சிருக்கோம். இப்ப உடைச்சிப் படிக்கட்டுமான்னு கேக்கறாங்க.”

“கெட்டுப்போவாதா?”

“போவாது. உசுரோடதான் இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அப்படியே இருந்துட்டுப் போவட்டுமேடா. எங்கயாவது ஒரு மூலையில இருக்குதுன்னு நெனச்சிக்கறேன்.”

விளக்கு வைத்த பிறகு அவரே கேட்டார். “ரத்தம் குடுக்க கைய நீட்டும்போது உங்கம்மா இன்னா சொன்னா?”

“சொத்தைய பொறுக்குன்னுச்சி.”

“அப்ப பொறுக்கு” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

சென்னை திரும்பி நானே செய்தேன். குழாயை வெதுவெதுப்பான நீரில் பிடித்து உருக்கினேன். ஒரு சொட்டில் நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த செல்லில் நீலம் ஏறிவிடும். உயிருள்ளது ஏற்காது.

நிறைய, வெள்ளை வெள்ளையாக, மினுங்கிக்கொண்டு கிடந்தன. எண்ணி முடித்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

“எப்படி இருக்கு தம்பி?” என்றார் அக்கா பின்னாலிருந்து.

“நல்லா இருக்குதுக்கா” என்றேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அவற்றை, ஒவ்வொன்றாகப் பிரித்து உடைக்கும் இயந்திரத்தில் ஏற்றினேன்.